வெள்ளை எங்கே பட்டது?

பூல் மேசை: வாசகர் கேள்வி பதில்

பூல் ஆட்டத்தில் குறி பார்ப்பது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்கள் பலவற்றில் ஒரே மனக்குறை: "குறியைச் சரியாகத்தான் பார்க்கிறேன், பந்து மட்டும் பாக்கெட் வாயில் முட்டித் திரும்புகிறது." நம் ஊர்க் கிளப்புகளிலும் கடைகளிலும் உள்ள ஏழடி மேசை, சிவப்பு மஞ்சள் பந்து ஆட்டம், இவற்றை மனத்தில் வைத்தே பதில் எழுதியிருக்கிறோம். கியூ என்பது அடிக்கும் கோல், டிப் அதன் நுனி. வெள்ளை என்பது கியூவால் அடிக்கும் பந்து, நிறப்பந்து என்பது அது மோதிப் பாக்கெட்டில் விழவேண்டிய பந்து. நிறப்பந்து ஒரு பக்கம் திரும்பிப் போகும்படி ஓரத்தில் மோதவிடுவது கட். கைகால் நிலை எல்லாம் வலக்கைக்காரர்களுக்கு உரியது. இடக்கைக்காரர்கள் இடம் வலம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

கேள்வி: நிமிர்ந்து நின்று பார்க்கும்போது குறி பளிச்சென்று தெரிகிறது. குனிந்து கியூவை வைத்ததும் அதே பந்து வேறு கோணத்தில் இருப்பது போலத் தோன்றுகிறது. எதை நம்புவது? எனக்கு வலக்கண்தான் ஓங்கிய கண், அதாவது பார்வையில் முந்தி நிற்கும் கண். கியூ அதற்கு நேர் கீழே இருக்க வேண்டும் என்கிறார்கள். அப்படி வைத்தும் பந்து பாக்கெட்டின் வலப்பக்கமே போகிறது.
(வாசகர், சாட்ஸ்வொர்த்)

பதில்: நிமிர்ந்து நின்று பார்த்ததை நம்புங்கள். கோட்டை முடிவு செய்யும் இடம் அதுதான். குனிந்தபின் அந்தக் கோட்டில் அடிப்பது மட்டுமே பாக்கி.

முதலில் உங்கள் தவறு எந்த வகை என்று கண்டுபிடியுங்கள். இதைச் செய்யாமல் குறியை மாற்றிக்கொண்டே போகிறவர்கள் வருடக்கணக்கில் அதே இடத்தில் நிற்கிறார்கள். ஒரு துண்டுத் தாளை எடுத்துக்கொண்டு, நிறப்பந்து இடப்பக்கம் திரும்ப வேண்டிய கட் பத்து, வலப்பக்கம் திரும்ப வேண்டிய கட் பத்து அடியுங்கள். தவறும் ஒவ்வொரு பந்தும் பாக்கெட்டுக்கு இடப்புறம் போனதா, வலப்புறம் போனதா என்று மட்டும் குறியுங்கள்.

எந்தப் பக்கக் கட் ஆனாலும் பந்து பாக்கெட்டின் ஒரே புறத்தில், உங்களுக்கு நடப்பது போல வலப்புறத்திலேயே, தவறினால் குறியில் கோளாறு இல்லை. வெள்ளை எப்போதும் நினைத்த இடத்துக்குக் கொஞ்சம் இடப்பக்கமாகப் போய்ப் படுகிறது. காரணம் கண், உடம்பு, கை இவற்றில் ஒன்று கோட்டை விட்டு விலகியிருப்பது. இதற்கு மாறாக, இடக் கட்டில் வலப்புறமும் வலக் கட்டில் இடப்புறமும் தவறினால், நிறப்பந்தின் மேல் தடிப்பாக, அதாவது வேண்டியதைவிட அதன் நடுவை ஒட்டி, படுகிறீர்கள். அது வேறு நோய். லெனேசியா வாசகருக்கான பதிலில் அதைச் சொல்லியிருக்கிறோம்.

இனிக் கண். ஓங்கிய கண்ணுக்கு நேர் கீழே கியூ இருந்தே தீர வேண்டும் என்பது எல்லோருக்கும் பொருந்தாது. சிலருக்கு நேராகத் தெரியும் இடம் ஒரு கண்ணுக்குக் கீழே இருக்கும், பலருக்கு மூக்குக்கும் அந்தக் கண்ணுக்கும் இடையில் எங்கோ இருக்கும். 1927 முதல் 1946 வரை உலக ஸ்னூக்கர் பட்டத்தை 15 முறை வென்ற ஜோ டேவிஸுக்கு வலக்கண் பார்வை மிகக் குறைவு. அவர் கியூவை இடக்கண்ணுக்குக் கீழேதான் ஓட்டினார். அவர் கண்ணுக்கு அது சரி. உங்களுக்கு உரிய இடத்தை நீங்கள்தான் தேட வேண்டும்.

அதற்கு ஒரு கருப்புத் தையல்நூல் போதும். மேசையின் ஒரு சிறுபக்கக் குஷனின் (ரப்பர் விளிம்பின்) நடுவிலிருந்து எதிர்க் குஷனின் நடுவுக்கு, துணியை ஒட்டி இழுத்துக் கட்டுங்கள். பந்து வேண்டாம். வழக்கம்போல் குனிந்து கியூவை நூலுக்கு நேர் மேலே வையுங்கள். எதிர் முனையில் ஒருவர் நின்று, கியூ நூலின் மேல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லட்டும். இப்போது நீங்கள் பாருங்கள். கியூவும் அதற்கு அப்பால் ஓடும் நூலும் ஒரே கோடாகத் தெரிந்தால் தலை சரியான இடத்தில் இருக்கிறது. டிப் நுனியில் நூல் ஒடிந்து ஒரு பக்கம் போவது போலத் தெரிந்தால், கியூவை அசைக்காமல் தலையை மட்டும் அரை சென்டிமீட்டர் நகர்த்துங்கள், மறுபடி பாருங்கள். ஒடிவு மறையும் இடம் ஒன்று வரும். அங்கே கியூ உங்கள் தாடையில் எந்தப் புள்ளிக்குக் கீழே இருக்கிறது என்று விரலால் தொட்டு ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வேறு இரண்டு நாள்களில் இதையே திரும்பச் செய்து, மூன்று முறையும் ஒத்துவந்தால்தான் அதை உங்கள் இடம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது கோட்டுக்குள் இறங்குவது. வெள்ளைக்கு ஒன்றரை எட்டு பின்னால், அடிக்கப் போகும் கோட்டின் மேல் நில்லுங்கள். முதலில் வலக்காலை அந்தக் கோட்டின் மேல் வையுங்கள். பிறகு இடக்கால் சற்று முன்னே, இடப்பக்கமாக, தோள் அகலத்துக்குப் போகட்டும். இடுப்பிலிருந்து குனியும்போது முகமும் கியூவும் சேர்ந்தே கோட்டில் இறங்க வேண்டும். பலரும் செய்யும் பிழை, முதலில் பக்கவாட்டில் குனிந்துவிட்டுப் பிறகு கியூவை நகர்த்திக் குறிக்குக் கொண்டுவருவது. அப்படி வந்தால் கியூ கோட்டில் இருக்கும், தோளும் முழங்கையும் கோட்டுக்கு வெளியே நிற்கும். கை முன்னே வரும்போது தோள் இருக்கும் பக்கம்தான் கியூவை இழுக்கும்.

குனிந்தபின் குறி தப்பாகத் தோன்றினால் அங்கேயே கியூவைத் திருப்பாதீர்கள். எழுந்து, ஒன்றரை எட்டு பின்னே போய், மறுபடி இறங்குங்கள். முதல் வாரம் சலிப்பாக இருக்கும். ஆனால் இந்த ஒரு பழக்கத்தை விடாமல் பிடிப்பவருக்கு, நின்று பார்த்த கோணமும் குனிந்து பார்த்த கோணமும் மெல்ல ஒன்றாகிவிடும்.

கேள்வி: கட் அடித்தால் விழுகிறது. மேசை நீளத்துக்கு நேர்ப்பந்து அடித்தால்தான் தவறுகிறது. நேர்ப்பந்துதானே சுலபம்?
(வாசகர், ஃபீனிக்ஸ்)

பதில்: நேர்ப்பந்தில் பார்க்க வேண்டிய குறி சுலபம். ஆனால் அடியில் உள்ள கோணலை மூடி மறைக்க அங்கே எதுவும் இல்லை. உங்களுக்கு விழும் கட் எல்லாம் கிட்டத்தில் இருப்பவையா, ஒரே பக்கம் திரும்புபவையா என்று கவனியுங்கள். அடியின் கோணலுக்கு ஏற்பக் குறியைத் தெரியாமலே மாற்றிப் பழகியிருப்பீர்கள். ஒரு பக்கக் கட்டில் அது பலிக்கும், நேர்ப்பந்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். வெள்ளைக்கும் நிறப்பந்துக்கும் நடுவே 60 செ.மீ., நிறப்பந்திலிருந்து பாக்கெட்டுக்கு இன்னொரு 60 செ.மீ. என்று வைப்போம். கியூ ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு விலகினால், வெள்ளை நிறப்பந்தை அடையும்போது 1 மி.மீ. தள்ளிப்போயிருக்கும். அந்த 1 மி.மீ. நிறப்பந்தை ஒரு டிகிரிக்கு மேல் திருப்பிவிடும். பாக்கெட் வாயில் அது 12 மி.மீ. ஆகிவிடுகிறது. நம் மேசைகளில் பாக்கெட் வாய் பெரும்பாலும் 80 முதல் 85 மி.மீ., பந்து 51 மி.மீ. ஆக ஒவ்வொரு பக்கமும் சுமார் 15 மி.மீ.தான் இடம். 20 செ.மீ. பிரிட்ஜில் (மேசையில் ஊன்றிய இடக்கைக்கும் வெள்ளைக்கும் உள்ள தூரத்தில்) அந்தப் பத்தில் ஒரு டிகிரி என்பது டிப் மூன்றில் ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் விலகுவது. நூல் பிடித்தாற்போல் என்று சொல்கிறோமே, உண்மையிலேயே நூல் கனம்தான்.

சோதனை இது. பால்க் கோட்டின் (ஆட்டம் தொடங்கும் பக்கத்தில் மேசைக்குக் குறுக்கே உள்ள கோட்டின்) நடுவில் வெள்ளையை வையுங்கள். எதிர்ச் சிறுபக்கத்தின் மரச்சட்டத்தில், அளந்து நடுவில் ஒரு ஐந்து ரேண்ட் நாணயத்தை வையுங்கள். வெள்ளையின் நட்டநடுவில், மிதமான வேகத்தில் நாணயத்தைப் பார்த்து அடித்துவிட்டு, கியூவை அப்படியே வைத்திருங்கள். பந்து குஷனில் பட்டுத் திரும்பி டிப்பிலேயே வந்து முட்ட வேண்டும்.

இரண்டு தவறு வரலாம், இரண்டும் வேறு வேறு. போகும்போதே நாணயத்தை விட்டு விலகிப் போனால் கியூ போன திசை தப்பு. நாணயத்துக்கு நேராகப் போய், திரும்பும்போது மட்டும் ஒதுங்கினால் திசை சரி, டிப் வெள்ளையின் நடுவில் படாமல் பக்கத்தில் பட்டுச் சுழற்சி ஏறியிருக்கிறது. பந்து வலப்பக்கம் ஒதுங்கித் திரும்பினால் வலப்பக்கம் பட்டிருக்கிறீர்கள். பெரும்பாலோர் திரும்பி வந்ததை மட்டும் பார்த்துவிட்டு இல்லாத குறையைத் திருத்தப் போகிறார்கள். போகும் வழியையும் கண்ணால் பின்தொடருங்கள்.

திசை தப்புக்குப் பெரிய காரணம் பிடி. கியூவை இறுக்கிப் பிடித்தால் முன்கைத் தசை முறுக்கிக்கொள்ளும், அடிக்கும் கணத்தில் மணிக்கட்டு உள்ளே திரும்பும். குருவிக் குஞ்சைப் பிடிப்பது போல, நழுவாத அளவுக்கு மட்டும் பிடித்தால் போதும். பின்னே இழுக்கும்போது கடைசி இரண்டு விரல்கள் தாமாகத் திறந்துகொடுக்க வேண்டும்.

அடுத்து முன்கை. டிப் வெள்ளையைத் தொடும் கணத்தில் முழங்கையிலிருந்து கை, கொத்தனாரின் தூக்குக்குண்டு போலச் செங்குத்தாகத் தொங்க வேண்டும். கியூவின் அடிமுனைக்கு மிக அருகில் பிடிப்பவர்களுக்கு அந்தக் கணத்தில் கை இன்னும் பின்னேயே சாய்ந்திருக்கும். மிக முன்னே பிடிப்பவர்களுக்குக் கை செங்குத்தைத் தாண்டிவிட்டிருக்கும், டிப் கீழே இறங்கத் தொடங்கியிருக்கும். பக்கத்திலிருந்து போனில் ஒரு படம் எடுத்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். பின்னாலிருந்து எடுத்தால் முழங்கை வெளியே பிதுங்குவதும் தெரியும்.

பிரிட்ஜ் 15 முதல் 20 செ.மீ. போதும். மேசை சின்னது, நீளமான பிரிட்ஜால் லாபம் இல்லை. உள்ளங்கையின் அடி துணியில் அழுந்தியிருக்கட்டும். பின்னே இழுத்ததும் அரை நொடி நில்லுங்கள். அந்த நிறுத்தத்தில் கண் நிறப்பந்தில் படவேண்டிய புள்ளிக்குப் போய், அங்கேயே தங்க வேண்டும். வெள்ளைக்கும் நிறப்பந்துக்கும் இடையே கண் ஊசலாடுவதெல்லாம் முன்னோட்ட அசைவுகளோடு முடிந்துவிட வேண்டும். அடித்தபின் டிப் 10 செ.மீ.க்குக் குறையாமல் முன்னே போகட்டும். பந்து விழும் சத்தம் கேட்கும்வரை தலை எழக் கூடாது. பாதி அடியிலேயே தலையைத் தூக்கினால் தோளும் கூடவே எழும், கியூ கோட்டை விட்டுவிடும்.

வீட்டில் பழக மேசை வேண்டாம். காலி கண்ணாடிக் குளிர்பானப் புட்டி ஒன்றைச் சாப்பாட்டு மேசையில் படுக்கவைத்து, உருளாமல் இரண்டு பக்கமும் துண்டு மடித்து வையுங்கள். கியூவின் டிப் புட்டி வாய்க்குள் பத்து செ.மீ. போய் வர வேண்டும், கண்ணாடியில் தொடும் "டிங்" சத்தம் கேட்கக் கூடாது. மெதுவாக ஐம்பது முறை. சத்தம் முன்னே போகும்போது வருகிறதா, பின்னே வரும்போதா என்று கேளுங்கள். பின்னே வரும்போது வந்தால் பிடி இறுக்கம், முன்னே போகும்போது வந்தால் முழங்கை அல்லது மணிக்கட்டு.

கேள்வி: மறைபந்து முறையில் குறி பார்க்கச் சொல்லி ஒரு காணொளியில் காட்டினார்கள். அப்படியே செய்கிறேன். எங்கள் காசு போடும் மேசையில் மட்டும் சரியாக வரவில்லை. வெள்ளை கொஞ்சம் சின்னதாக இருப்பதாலா?
(வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: ஓரளவுக்கு ஆம். மறைபந்து என்பது, நிறப்பந்தைத் தொடும் கணத்தில் வெள்ளை எங்கே இருக்க வேண்டுமோ அந்த இடத்தில் ஒரு பந்து இருப்பதாக நினைத்து, அதன் நடுவை நோக்கி அடிப்பது. பாக்கெட்டிலிருந்து நிறப்பந்தின் நடு வழியாக ஒரு கோட்டைப் பின்னுக்கு நீட்டினால் அந்தக் கோட்டின் மேல்தான் அந்த நடு இருக்கும். காணொளிகள் பெரும்பாலும் எல்லாப் பந்தும் 57 மி.மீ. அளவுள்ள அமெரிக்கப் பந்துகளுக்காகச் செய்தவை. அங்கே நடுவுக்கு நடு 57 மி.மீ.

காசு மேசையில் நிறப்பந்து 50.8 மி.மீ. (இரண்டு அங்குலம்), வெள்ளை பல இடங்களில் 47.6 மி.மீ. வெள்ளை சின்னதாக இருப்பதால்தான் பாக்கெட்டில் விழுந்ததும் மேசை அதைப் பிரித்துத் திருப்பி அனுப்ப முடிகிறது. (ஒரே அளவில் காந்தம் வைத்த வெள்ளை உள்ள மேசைகளும் உண்டு.) இந்த இரண்டும் தொடும்போது மேலிருந்து பார்த்தால் நடுவுக்கு நடு 49 மி.மீ. ஆகவே 57 என்று பழகிய கண், மறைபந்தை 8 மி.மீ. கூடுதல் தூரத்தில் வைத்துவிடும். நேர்ப்பந்தில் அதனால் பாதகம் இல்லை. கட் கூடக் கூடத் தவறு பெரிதாகும்.

கண்ணுக்கு 49 மி.மீ. பழக வேண்டும். தடித்த அட்டையில் விரல் அகலப் பட்டை ஒன்று வெட்டி, அளவுகோல் வைத்து 49 மி.மீ. இடைவெளியில் இரண்டு புள்ளி குத்துங்கள். கோப்புத் தாளின் ஓட்டையைச் சுற்றி ஒட்டும் வெள்ளைக் காகித வளையம் எழுதுபொருள் கடையில் கிடைக்கும். ஒரு வளையத்தை மேசையில் ஒட்டி நிறப்பந்தை அதில் வையுங்கள். பட்டையைப் பாக்கெட் கோட்டில் பிடித்து, 49 மி.மீ. பின்னால் இன்னொரு வளையம் ஒட்டுங்கள். வெள்ளையை எங்கே வைத்தாலும் அந்த இரண்டாவது வளையத்தின் நடுவை நோக்கியே அடியுங்கள். இருபது பந்து வளையத்தோடு, பத்துப் பந்து வளையத்தை எடுத்துவிட்டு. மேசைக்காரரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், முடிந்ததும் வளையங்களை உரித்துவிடுங்கள்.

கோணத்தை இன்னொரு விதமாகவும் பிடிக்கலாம். சம அளவுப் பந்துகளில், கியூவின் கோடு நிறப்பந்தின் விளிம்பைக் குறிவைத்தால் பாதிப்பந்து (வெள்ளை நிறப்பந்தின் பாதியை மறைத்தபடி படுவது), நிறப்பந்து 30 டிகிரி திரும்பும். முக்கால்பந்து பட்டால் ஏறக்குறைய 15, கால்பந்து பட்டால் 49. சின்ன வெள்ளையில் அதே விளிம்புக் குறிக்கு 31 டிகிரி வரும். ஒரு டிகிரி என்று அலட்சியமாக விடாதீர்கள், ஒரு மீட்டர் தூரத்தில் அது 17 மி.மீ. எல்லாக் கோணத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். விளிம்புக் குறி ஒன்றை மட்டும் உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டு, மற்றவை அதைவிடத் தடிப்பா மெல்லிசா என்று பார்ப்பது நடைமுறைக்குப் போதும் என்பது எங்கள் கருத்து.

சின்ன வெள்ளையின் இன்னொரு குணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். அது நிறப்பந்தைவிட எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவாக இளைத்தது. நேராக மோதி அப்படியே நிற்க வேண்டும் என்று நினைத்து அடித்தாலும், வந்த வேகத்தில் பத்தில் ஒரு பங்கோடு பின்னே வரும். மோதியபின் வெள்ளையைப் பின்னே வரவைப்பது சுலபம், முன்னே ஓடவைப்பது கடினம். அடி தப்பிவிட்டதாக நினைத்துக் கையை மாற்றாதீர்கள், அது பந்தின் இயல்பு.

கேள்வி: மெதுவாகத் தட்டிவிடும் கட் எல்லாம் தடிப்பாகவே போகின்றன. வேகமாக அடித்தால் விழுகின்றன. ஏன் இப்படி?
(வாசகர், லெனேசியா)

பதில்: இரண்டு பந்தும் உரசும்போது வெள்ளை நிறப்பந்தைத் தன் போக்கில் சற்று இழுத்துக்கொண்டு போகிறது. அதனால் நிறப்பந்து கணக்குப்படி திரும்ப வேண்டியதைவிடக் குறைவாகத் திரும்பும். மெதுவான அடியில் இந்த இழுப்பு அதிகம். வெள்ளை உருளாமல், சுழற்சி எதுவும் இல்லாமல் வழுக்கியபடி போய்ப் பட்டால் இன்னும் அதிகம். பாதிப்பந்து அளவுக் கட்டில் 3 டிகிரி வரைகூடப் போகலாம். 60 செ.மீ. தூரத்தில் அது 31 மி.மீ. நாம் மேலே சொன்ன 15 மி.மீ. இடத்தைத் தாண்டிவிடும்.

இதற்குச் செய்ய வேண்டியது, மெதுவான கட்டில் ஒரு மயிரிழை மெல்லிசாகக் குறிவைப்பதும், வெள்ளையின் நடுவுக்குச் சற்று மேலே தட்டி அது உருண்டு போய்ப் படும்படி விடுவதும். உருளும் பந்தில் பக்க இழுப்பு குறைவு.

குறியை மாற்றுமுன் பந்துகளைக் கழுவிப் பாருங்கள். டிப்பில் தடவும் சாக்பீஸ் தூளும் விரல் எண்ணெயும் படிந்த பந்துகளில் உரசல் கூடுகிறது. வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான துணி, பிறகு நல்ல தண்ணீர், ஈரமில்லாமல் துடைத்தல். அவ்வளவே. கழுவிய நாளில் உங்கள் கட் கொஞ்சம் மெல்லிசாகப் போகத் தொடங்கினால் குற்றவாளி அழுக்குதான்.

மயிர்த்துணி போட்ட மேசையில், பந்து நிற்கப் போகும் கடைசித் தூரத்தில் துணியின் மயிர் சாய்ந்த பக்கம் ஒதுங்குவதும் உண்டு. துணியைப் பால்க் பக்கத்திலிருந்து எதிர்ப் பக்கம் ஒரே திசையில் தூரிகை போட்டு வந்தால் அந்த ஒதுங்கல் எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கும், பழகிக்கொள்ளலாம். டர்பன் பக்கம் கடற்காற்றில் ஈரம் ஏறிய துணி இன்னும் மந்தமாக ஓடும், மெல்லத் தட்டுவதை அங்கே தவிர்ப்பது நல்லது.

விளக்கையும் பாருங்கள். மின்வெட்டு நேரத்தில் ஓரத்தில் ஒரே பேட்டரி விளக்கை வைத்து ஆடினால் நிழல் ஒரு பக்கம் மட்டும் விழும், பந்தின் விளிம்பு எது நிழல் எது என்று கண் ஏமாறும். மேசையின் நடுவுக்கு மேலே தொங்கவிடுங்கள்.

கேள்வி: என் மகளுக்குப் பதினொரு வயது. அவள் மாமாவோடு கராஜில் ஆடப் பிரியப்படுகிறாள். பெரியவர்கள் கியூவையே கொடுக்கலாமா?
(வாசகி, டொங்காட்)

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. பெரியவர் கியூ 57 அங்குலம். அதைப் பிடிக்க அவள் கையைக் கியூவின் நடுப்பகுதிக்குக் கொண்டுபோவாள், பின்பக்கம் கனத்துத் தொங்கும், நுனி ஆடும். 48 அங்குலச் சிறுவர் கியூ கேட்டு வாங்குங்கள். டிப் 8 அல்லது 9 மி.மீ. இருக்கட்டும். மேசைக்கு எட்டாவிட்டால் உறுதியான அகலப் பலகை ஒன்றைப் போட்டு அதன் மேல் இரண்டு காலும் ஊன்றி நிற்கச் செய்யுங்கள். நுனிக்காலில் நின்று அடித்துப் பழகினால் பின்னால் மாற்றுவது பெரும்பாடு. மாமாவிடம் ஒரு வார்த்தை: முதல் மாதம் பந்தை விழவைக்கச் சொல்லாமல், நாணயத்துக்கு நேராக வெள்ளையை அனுப்பித் திரும்ப வாங்கும் விளையாட்டை மட்டும் ஆடட்டும். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும்.

கேள்வி: வயது அறுபத்திரண்டு. இரட்டைப் பார்வைக் கண்ணாடி அணிகிறேன். குனிந்தால் சட்டம் மறைக்கிறது.
(வாசகர், வெருலம்)

பதில்: குனியும்போது நீங்கள் கண்ணாடியின் மேல் விளிம்பு வழியாகத்தான் பார்க்கிறீர்கள், ஐயா. அங்கே சட்டம் குறுக்கே வரும், விளிம்பு வழியாகப் பார்ப்பதால் உருவமும் சற்று வளையும். 1985-இல் உலக ஸ்னூக்கர் பட்டம் வென்ற டென்னிஸ் டெய்லர் அணிந்த, தலைகீழாக மாட்டியது போல உயர்ந்து நிற்கும் கண்ணாடி இதற்காகவே செய்தது. கண் மருத்துவரிடம் ஒன்றரை, இரண்டு மீட்டர் தூரம் தெளிவாகத் தெரியும் ஒற்றைப் பார்வைக் கண்ணாடி, உயரமான சட்டத்தில் வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். அதுவரை தாடை கியூவில் தொட வேண்டும் என்ற கட்டாயத்தை விடுங்கள். தலையைக் கியூவுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் வைத்தாலும் நன்றாக ஆடலாம். எந்த உயரம் ஆனாலும் தினமும் அதே உயரம் இருக்க வேண்டும். முதல் பதிலில் சொன்ன நூல் சோதனையைப் புதுக் கண்ணாடி போட்டதும் திரும்பச் செய்யுங்கள், நேராகத் தெரியும் இடம் மாறியிருக்கலாம்.

கேள்வி: அண்ணா, சைட் போட்டு அடித்தால் குறி ஏன் மாறுகிறது?
(பள்ளி மாணவர், ஸ்டேங்கர்)

பதில்: தம்பி, வெள்ளையின் வலப்பக்கம் அடித்தால் அது கியூ காட்டிய கோட்டில் போகாமல் சற்று இடப்பக்கம் தள்ளிப் புறப்படும். இடப்பக்கம் அடித்தால் வலப்பக்கம் தள்ளும். கியூவின் பின்முனை தூக்கலாக இருந்தால் போகப் போக வளைந்து திரும்பியும் வரும். எவ்வளவு தள்ளும், எவ்வளவு வளையும் என்பது கியூ, வேகம், தூரம், துணி நான்கையும் பொறுத்தது. ஆகையால் வாய்பாடு கிடையாது, உன் கியூவில் பழகித்தான் தெரிய வேண்டும். ஆனால் ஃபீனிக்ஸ் வாசகருக்குச் சொன்ன நாணயச் சோதனையில் பத்துக்கு எட்டு முறை வெள்ளை உன் டிப்புக்கே திரும்பும்வரை சைட் பக்கம் போகாதே. நடுவில் அடிக்கத் தெரியாதவன் போடும் சைட், எவ்வளவு போட்டோம் என்று அவனுக்கே தெரியாத சைட்.

கேள்வி: வீட்டில் மேசை இல்லை. வாரம் ஒருமுறை கடையில் காசு போட்டு ஆடுவதுதான். அதில் பழக என்ன வழி?
(வாசகர், மெரிபேங்க்)

பதில்: கடை கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். ஒரு முறை காசு போட்டால் சிவப்பு ஏழு, மஞ்சள் ஏழு, கருப்பு ஒன்று, ஆகப் பதினைந்து பந்து கிடைக்கும். விழுந்த பந்து திரும்பாது, தவறிய பந்து மேசையிலேயே இருக்கும். பழகுகிறவருக்கு இது நல்ல ஏற்பாடு, விழாத பந்தைத்தான் திரும்பத் திரும்ப அடிக்கப் போகிறீர்கள்.

முக்கோணத்தில் அடுக்காதீர்கள். ஒரு பந்தை எடுக்கும் முன் நாணயச் சோதனை பத்து முறை, வெள்ளையை மட்டும் வைத்து. பிறகு ஏழு சிவப்பையும் இடக் கட்டுக்கு, ஒரே இடத்திலிருந்து ஒவ்வொன்றாக. ஏழு மஞ்சளையும் வலக் கட்டுக்கு, அதே தூரம், அதே கோணம். கோணம் பாதிப்பந்து அளவு இருக்கட்டும். வெள்ளைக்கும் நிறப்பந்துக்கும் 40 செ.மீ., அங்கிருந்து பாக்கெட்டுக்கு 40 செ.மீ. அதற்கு மேல் தள்ளி வைத்தால் தொடக்கத்தில் மனம் உடையும். கருப்பை மேசை நீள நேர்ப்பந்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், விழும்வரை அடியுங்கள்.

ஒவ்வொரு தவறுக்கும் பாக்கெட்டின் எந்தப் புறம் போனது என்று சட்டைப்பைத் தாளில் ஓர் எழுத்து, இ அல்லது வ. எத்தனை விழுந்தது என்று எழுத வேண்டாம். நான்கு வாரத் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே எழுத்து நிறைந்திருந்தால் சாட்ஸ்வொர்த் வாசகருக்குச் சொன்ன நூலோடு தொடங்குங்கள். சிவப்பில் வ, மஞ்சளில் இ என்று பிரிந்திருந்தால் பந்துகளைக் கழுவித் தரும்படி கடைக்காரரைக் கேளுங்கள், அடுத்த வாரம் ஒரு மயிரிழை மெல்லிசாக அடியுங்கள். இரண்டும் கலந்து தாறுமாறாக இருந்தால், வீட்டில் புட்டியை எடுத்து வையுங்கள்.